இதயத் துடிப்புக் கோளாறுக்குக் கோவை கிளம்பும் முன்: கொங்குப் பகுதிக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

நெஞ்சு திடீரென்று படபடவென அடித்துக்கொள்கிறது. பத்து நிமிடமோ ஒரு மணி நேரமோ கழித்துத் தானாகவே நின்றும் விடுகிறது. வண்டி பிடித்து மருத்துவமனை போய்ச் சேரும்போது ஈ.சி.ஜி.யில் ஒன்றும் இல்லை. வாயு என்கிறார் ஒருவர், மனக்கவலை என்கிறார் இன்னொருவர், ரத்தம் குறைவு என்று டானிக் எழுதுகிறார் மூன்றாமவர். தாராபுரம் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் என் அம்மாவுக்குச் சில வருடங்கள் இப்படியே ஓடின. இதயத் துடிப்புக்கென்றே தனியாகப் பயிற்சி பெற்ற மருத்துவர்கள் இருக்கிறார்கள் என்பதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. அவர்களைக் கண்டுபிடித்து, காகிதங்களைச் சேர்த்து, காப்பீட்டில் அனுமதி வாங்கி, சிகிச்சை முடித்து வருவதற்குள் குடும்பமே அலைந்து களைத்துவிட்டது. உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

இந்த மருத்துவரை எலக்ட்ரோபிசியாலஜிஸ்ட் என்பார்கள், மருத்துவமனை வரவேற்பில் "இ.பி. டாக்டர்" என்று கேட்டாலே புரியும். தோட்டத்துக் கிணற்று மோட்டாரில் குழாய் அடைத்துக்கொள்வது ஒரு கோளாறு, ஸ்டார்ட்டர் பெட்டியில் மின்சாரம் தாறுமாறாகப் போவது வேறு கோளாறு. ஆஞ்சியோகிராம் பார்ப்பது குழாய்க்கு, இ.பி. டாக்டர் பார்ப்பது மின்சாரத்துக்கு. ஆஞ்சியோகிராம் நன்றாக இருந்தது என்பதாலேயே துடிப்புக் கோளாறு இல்லை என்று ஆகிவிடாது.

1. முதலில் உள்ளூரிலேயே முடிக்க வேண்டியவை

படபடப்போடு மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் இவற்றில் ஒன்று இருந்தாலும் இந்தக் கட்டுரையை மூடிவைத்துவிட்டு 108-ஐ அழையுங்கள். வேலை செய்துகொண்டிருக்கும்போது மயங்கி விழுந்தவர்களும், குடும்பத்தில் இளவயதில் யாராவது திடீரென்று இறந்திருப்பவர்களும் காத்திருக்கவே கூடாது.

மற்றவர்கள் கோவைக்குக் கிளம்பும் முன் உங்கள் ஊர் மருத்துவரிடமே ரத்தத்தில் ஹீமோகுளோபின், சர்க்கரை, தைராய்டுக்கான டி.எஸ்.எச்., பொட்டாசியம் ஆகியவற்றைப் பார்த்துவிடுங்கள். சோகையும் தைராய்டும்கூடப் படபடப்பைக் கொடுக்கும். அவை மாத்திரையில் சரியாகிவிடும். சாதாரண நேரத்தில் ஒரு ஈ.சி.ஜி.யும் ஒரு எக்கோவும் (இதய ஸ்கேன்) எடுத்துக்கொள்ளுங்கள். படபடப்பு இல்லாதபோது எடுக்கும் ஈ.சி.ஜி. வீண் என்று நினைக்க வேண்டாம். பிறவியிலேயே கூடுதல் மின்பாதை உள்ள சிலருக்கு அது அந்த நேரத்து ஈ.சி.ஜி.யிலேயே தெரிந்துவிடும். அரசு மருத்துவமனையில் இவை இலவசம். தனியாரில் நாங்கள் விசாரித்தபோது ஈ.சி.ஜி. சில நூறு ரூபாய், எக்கோ ஆயிரத்திலிருந்து இரண்டாயிரம் வரை ஆனது.

2. துடிப்பைத் தாளில் பிடியுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள். படபடப்பு நடந்துகொண்டிருக்கும்போது எடுத்த ஒரு ஈ.சி.ஜி. உங்களிடம் இருந்தால் இ.பி. டாக்டரின் வேலையில் பாதி முடிந்தது. அது இல்லாமல் போனால், "அடுத்த முறை வரும்போது எடுத்துக்கொண்டு வாருங்கள்" என்ற பதிலோடு பஸ் ஏற வேண்டியிருக்கும்.

ஆகவே உங்கள் வீட்டிலிருந்து மிக அருகில் ஈ.சி.ஜி. இயந்திரம் எங்கே இருக்கிறது, இரவிலும் அங்கே எடுப்பார்களா என்று இன்றே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். ஆரம்ப சுகாதார நிலையமோ தாலுகா மருத்துவமனையோ தனியார் கிளினிக்கோ, எதுவானாலும் சரி. பெரிய மருத்துவமனைக்குத்தான் போவேன் என்று ஒரு மணி நேரம் பயணம் செய்தால், பாதி வழியில் படபடப்பு நின்றுவிடும்.

அங்கே போனதும் இப்படிக் கேளுங்கள்: "முதலில் பன்னிரண்டு லீட் ஈ.சி.ஜி. எடுத்துவிடுங்கள், கூடவே லீட் இரண்டில் நீளமாக ஒரு ஸ்ட்ரிப் கொடுங்கள்." நோயாளியின் ரத்த அழுத்தம் சீராக இருந்தால் இதற்கு ஆகும் இரண்டு நிமிடத்தை எந்த மருத்துவரும் மறுக்கமாட்டார். படபடப்பை நிறுத்த அடினோசின் ஊசி போடுவதாக இருந்தால், ஊசி போகும்போது ஈ.சி.ஜி. ஓடிக்கொண்டிருக்கட்டும் என்று கேளுங்கள். துடிப்பு எப்படி நின்றது என்பதிலேயே கோளாறின் வகை பெரும்பாலும் தெரிந்துவிடும். அந்த ஊசி போட்டதும் சில நொடிகள் உயிர் போவதுபோல இருக்கும், உடனே தணிந்துவிடும். நோயாளியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஆஸ்துமா இருந்தால் ஊசிக்கு முன்பே அதைச் சொல்லியாக வேண்டும்.

தாள் கையில் வந்ததும் பெயர், தேதி, நேரம், அப்போது இருந்த தொல்லை ஆகியவற்றைப் பேனாவால் எழுதுங்கள். ஈ.சி.ஜி. தாள் வெப்பத்தில் அச்சாகும் வகை. சில மாதங்களில் மங்கிவிடும். பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேஷன் செய்தால் சூட்டில் முழுத்தாளும் கறுத்துப்போகும். அன்றே நல்ல வெளிச்சத்தில் செல்போனில் படம் எடுங்கள், இரண்டு ஜெராக்ஸ் எடுங்கள், அசலைக் காகித உறையில் வெயில் படாமல் வையுங்கள்.

வீட்டில் இருப்பவர் செய்யக்கூடிய இன்னொரு உதவி உண்டு. மணிக்கட்டில் விரல் வைத்து 15 நொடி நாடியை எண்ணி நான்கால் பெருக்குங்கள். 150-க்கு மேல் போய், கடிகாரம்போலச் சீராக ஓடுகிறதா, அல்லது ஒழுங்கே இல்லாமல் தாவுகிறதா என்று கவனித்து எழுதுங்கள். படபடப்பு சுவிட்ச் போட்டதுபோல் தொடங்கியதா, மெல்ல ஏறியதா. கழுத்தில் துடிப்பு தெரிந்ததா. நின்றபிறகு சிறுநீர் அதிகம் போனதா என்பதையும் சேர்த்துக் குறியுங்கள். மருத்துவர் இவற்றைக் கட்டாயம் கேட்பார். என் அம்மாவிடம் கேட்டபோது, "எல்லாமே இருந்துச்சு கண்ணு" என்று மட்டும்தான் சொன்னார். பக்கத்தில் நோட்டு இருந்ததால்தான் விவரம் சொல்ல முடிந்தது.

உடம்பில் மாட்டிக்கொண்டு நாள் முழுவதும் துடிப்பைப் பதியும் ஹோல்டர் என்ற 24 மணி நேரக் கருவியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. தினமும் படபடப்பு வருபவருக்கு அது அருமையான சோதனை. மாதம் ஒருமுறை மட்டும் வருபவருக்கு அதை மாட்டினால், இரண்டாயிரம் ரூபாய்போலக் கொடுத்து "நார்மல்" என்ற தாளை வாங்கி வருவதுதான் மிச்சம். உங்களுக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது என்பதைச் சொல்லி, ஒரு வாரம் அல்லது இரண்டு வாரம் ஒட்டிவைக்கும் பட்டைக் கருவி கிடைக்குமா என்று கேளுங்கள். ஈ.சி.ஜி. எடுக்கும் கைக்கடிகாரம் உறவினர் யாரிடமாவது இருந்தால் கடன் வாங்கிக் கட்டிக்கொள்வதிலும் தவறில்லை. அதில் எடுத்த பதிவைப் பி.டி.எஃப். ஆகக் காட்டலாம்.

3. மருத்துவரின் படிப்பைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்

எம்.பி.பி.எஸ். பயிற்சிக் காலத்தோடு ஐந்தரை வருடம். அதன்பிறகு பொது மருத்துவத்தில் எம்.டி. மூன்று வருடம். அதன்பிறகு இதயவியலில் டி.எம். மூன்று வருடம். இதுவரை வந்தவர் இதயநோய் நிபுணர். துடிப்புக் கோளாறுக்கு ரத்தக்குழாய் வழியாக மெல்லிய கம்பி செலுத்திச் செய்யும் கதீட்டர் சிகிச்சையில் தேர்ச்சி பெற, இதற்கு மேலும் ஓரிரு வருடம் எலக்ட்ரோபிசியாலஜியில் மட்டும் ஃபெலோஷிப் முடித்திருப்பார்கள். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம், வேலூர் சி.எம்.சி. போன்ற இடங்களில் இதற்கென்றே பயிற்சி இருக்கிறது. சிலர் வெளிநாட்டிலும் முடித்திருப்பார்கள். டி.என்.பி. என்று போட்டிருந்தால் அது எம்.டி., டி.எம். ஆகியவற்றுக்கு இணையானதே. ஐ.பி.எச்.ஆர்.இ. என்ற சர்வதேசத் தேர்வை எழுதியவர்களும் உண்டு. அது கூடுதல் தகுதி, கட்டாயம் அல்ல.

ஆகவே பெயர்ப்பலகையில் "இதய நிபுணர்" என்று இருப்பதோடு திருப்தி அடையாதீர்கள். மருந்துச் சீட்டில் பதிவு எண் இருக்கும். அதைத் தேசிய மருத்துவ ஆணையத்தின் இணையதளத்தில் போட்டால் பதிவு பெற்றவரா என்று தெரிந்துவிடும். ஃபெலோஷிப்பை மட்டும் நேரில் கேட்க வேண்டும். "இ.பி. பயிற்சி எங்கே எடுத்தீர்கள் சார்? முழுநேரப் பயிற்சியா?" என்று மரியாதையாகக் கேட்டால் நல்ல மருத்துவர் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. என் அம்மாவுக்கு இருக்கும் கோளாறில் எங்கள் மருத்துவர் எத்தனை பேருக்குச் சிகிச்சை செய்திருக்கிறார், பலன் எப்படி, சிக்கல் எத்தனை பேருக்கு வந்தது என்றும் கேட்டேன். தாளில் படம் வரைந்து விளக்கினார். அந்த அரை மணி நேரம்தான் எங்களுக்குத் துணிவைக் கொடுத்தது. கேள்வி கேட்டதும் முகம் சுளிக்கிறவரிடம் சிகிச்சை செய்துகொள்ள வேண்டிய அவசியம் இல்லை.

ஈரோடு, சேலம், திருப்பூர், கரூர் ஊர்களில் சில மருத்துவமனைகளுக்கு இந்த நிபுணர்கள் குறிப்பிட்ட நாள்களில் மட்டும் வந்து பார்ப்பார்கள். முதல் ஆலோசனைக்கு அது போதும். அப்லேஷன் (தவறான மின்பாதையைச் சுட்டு நீக்கும் சிகிச்சை) செய்வதாக இருந்தால், சிகிச்சைக்குப் பிறகு இரவில் ஏதாவது ஆனால் யார் பார்ப்பார்கள் என்று முன்பே கேட்டு வையுங்கள்.

4. கோப்பு

ஒரு நல்ல பிளாஸ்டிக் ஃபைல் வாங்கி இவற்றை அடுக்குங்கள்: ஆதார், குடும்ப அட்டை, காப்பீட்டு அட்டை, வருமானச் சான்று; படபடப்பு நேரத்து ஈ.சி.ஜி. முதலில், மற்ற ஈ.சி.ஜி.கள் தேதி வரிசையில். எக்கோ, ரத்தச் சோதனை முடிவுகள். பழைய டிஸ்சார்ஜ் சம்மரிகள். இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகள். நாட்டு மருந்து, சூரணம் சாப்பிட்டால் அதன் டப்பாவையும் எடுத்துப் போங்கள். மறைக்க வேண்டாம்.

இதில் பெண்களுக்கு அதிகம் வரும் சிக்கல் இனிஷியல். ஆதாரில் அப்பா பெயரின் எழுத்து, குடும்ப அட்டையில் கணவர் பெயரின் எழுத்து என்று இருக்கும். காப்பீட்டு மேசையில் அங்கேதான் நிறுத்துவார்கள். வேறுபாடு இருந்தால் இ-சேவை மையத்தில் இப்போதே திருத்த விண்ணப்பியுங்கள். மருத்துவமனையில் சேர்க்கும் சீட்டில் பெயர் எழுதும்போது காப்பீட்டு அட்டையில் உள்ளபடியே எழுதச் சொல்லுங்கள்.

5. பணமும் காப்பீடும்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் சேரலாம்; ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை குடும்பத்துக்குக் காப்பீடு. கிராம நிர்வாக அலுவலரிடம் வாங்கிய வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்துக்குப் போக வேண்டும். சிகிச்சை கோவையில் நடந்தாலும் அட்டை உங்கள் சொந்த மாவட்டத்தில்தான். தாராபுரம், காங்கேயம், உடுமலை ஆட்கள் திருப்பூர் பல்லடம் சாலையில் உள்ள ஆட்சியர் அலுவலகத்துக்குப் போக வேண்டும். குடும்ப அட்டையில் பெயர் இல்லாதவருக்குக் காப்பீடு கிடைக்காது. புதிதாகக் கல்யாணமாகி வந்த மருமகளின் பெயரைச் சேர்த்துவிட்டீர்களா என்று பாருங்கள். சந்தேகங்களுக்கு 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது.

இந்தத் திட்டத்தில் பலர் மாட்டிக்கொள்ளும் இடங்கள் இரண்டு. ஒரு மருத்துவமனை திட்டத்தில் இருக்கிறது என்றால் எல்லாச் சிகிச்சைக்கும் இருக்கிறது என்று பொருள் அல்ல. "இ.பி. ஸ்டடி, அப்லேஷன் இரண்டுக்கும் இங்கே முதலமைச்சர் காப்பீட்டில் அனுமதி உண்டா? முப்பரிமாண மேப்பிங் தேவைப்பட்டால் அதற்கும் சேர்த்தா?" என்று முழுமையாகக் கேளுங்கள். இ.பி. ஸ்டடி என்பது கம்பி செலுத்தி இதயத்தின் மின்பாதையைச் சோதிப்பது, மேப்பிங் என்பது அந்தப் பாதையைக் கணினியில் படமாக வரைவது. இரண்டாவது, முன் அனுமதி. சிகிச்சைக்கு முன்பே மருத்துவமனை விண்ணப்பித்து ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும். முதலில் பணம் கட்டுங்கள், பிறகு காப்பீட்டில் வாங்கிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கட்டாதீர்கள். ஒரு மருத்துவமனையில் எங்களிடம் அப்படித்தான் சொன்னார்கள். உதவி எண்ணுக்கு அழைத்துக் கேட்டபிறகு ஃபைலை எடுத்துக்கொண்டு வேறு இடத்துக்குப் போனோம்.

பனியன் கம்பெனியிலோ மில்லிலோ ஒர்க்‌ஷாப்பிலோ மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்குபவர் வீட்டில் இருந்தால் இ.எஸ்.ஐ. இருக்கும். பெற்றோரைச் சார்ந்தோராகப் பதிந்திருந்தால் அவர்களுக்கும் பொருந்தும். வழி எப்போதும் கீழிருந்து மேலேதான்: டிஸ்பென்சரி, பிறகு சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. மருத்துவமனை, அங்கிருந்து பரிந்துரைக் கடிதம். கடிதம் இல்லாமல் நேராகத் தனியாருக்குப் போனால் செலவு உங்களுடையது. சொந்தமாகப் பாலிசி எடுத்திருப்பவர்கள், ஏற்கெனவே இருந்த நோய்க்கான காத்திருப்புக் காலத்தைப் பாருங்கள். அது அதிகபட்சம் மூன்று வருடம்.

கையிலிருந்து கொடுப்பதாக இருந்தால் எழுத்து மூலமாக மதிப்பீடு வாங்குங்கள். சாதாரண முறையில் செய்யும் அப்லேஷனுக்குத் தனியாரில் எங்களுக்குச் சொன்னது ஒன்றரை லட்சத்தை ஒட்டி. முப்பரிமாண மேப்பிங் சேர்ந்தால் அது இரண்டு மடங்கையும் தாண்டியது. கதீட்டர், அறை வாடகை, மருந்து, மருத்துவர் கட்டணம் ஆகியவை மதிப்பீட்டில் தனித்தனியாக இருக்கட்டும். அப்லேஷன் தேவையில்லை, ஸ்டடியோடு முடிந்தது என்றால் எவ்வளவு குறையும் என்பதையும் எழுதித் தரச் சொல்லுங்கள்.

6. போகும் நாள்

தாராபுரம், கரூர் பக்கத்திலிருந்து வருபவர்கள் சிங்காநல்லூரில் இறங்குவீர்கள். அங்கிருந்து திருச்சி சாலை வழியாகவே கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு டவுன் பஸ் இருக்கிறது. பொள்ளாச்சி, உடுமலை பஸ்கள் உக்கடம் போகும். ஈரோடு, கோபி, திருப்பூர் பஸ்கள் காந்திபுரம். பெரிய தனியார் மருத்துவமனைகள் பல அவிநாசி சாலையிலும் பாப்பநாயக்கன்பாளையத்திலும் இருக்கின்றன. அரசு மருத்துவமனையில் வெளிநோயாளிச் சீட்டு காலையில்தான். இதயவியல் பிரிவில் இ.பி. பார்க்கும் நாள் எது என்று முதல் வருகையிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

7. இ.பி. ஸ்டடியும் அப்லேஷனும்

தேதி கொடுத்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, எந்த மாத்திரையை எப்போது நிறுத்த வேண்டும் என்பது. துடிப்பை அடக்கும் மாத்திரைகளைச் சில நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். இல்லாவிட்டால் ஸ்டடியில் கோளாறு வெளிப்படாது. ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை தனி விஷயம். அதை நீங்களாக ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள். முந்தைய இரவுக்குப் பிறகு, அல்லது குறைந்தது ஆறு மணி நேரம், வெறும் வயிறு.

கேத் லேப் என்ற சிகிச்சை அறையில் தொடை மடிப்பில் மரத்துப்போக ஊசி போட்டு, அங்குள்ள சிரை வழியாக மெல்லிய கம்பிகளை இதயத்துக்குள் செலுத்துவார்கள். பெரும்பாலும் நோயாளி விழித்தே இருப்பார். அந்தக் கம்பிகள் வழியாகவே படபடப்பை வேண்டுமென்றே வரவழைப்பார்கள். இதைச் சொல்லாமல் உள்ளே அனுப்பினால் பயந்துபோவார்கள். தவறான மின்பாதை எங்கே என்று கண்டதும் அந்த இடத்தை மட்டும் ரேடியோ அலைச் சூட்டால் சுடுவார்கள். ஒன்றிலிருந்து மூன்று மணி நேரம் ஆகலாம். சீராக வேகமாக ஓடும் எஸ்.வி.டி. வகைக் கோளாறுகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவர்களுக்கு ஒரே முறையில் தீர்ந்துவிடுகிறது. இயல்பான மின்பாதைக்கு மிக அருகில் சுட வேண்டியிருந்தால், அது அடிபட்டு, இதயத்தைத் துடிக்கவைக்கும் பேஸ்மேக்கர் கருவி தேவைப்படும் வாய்ப்பு நூற்றில் ஒன்று அல்லது அதற்கும் குறைவு. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் இதைப் பற்றி மருத்துவரிடம் பேசிவிடுங்கள்.

முடிந்ததும் நான்கு முதல் ஆறு மணி நேரம் காலை மடக்காமல் படுத்திருக்க வேண்டும். பெரும்பாலும் மறுநாள் வீடு. ஒரு வாரம் கனமான குடம், தீவனக் கட்டு எதுவும் தூக்கக் கூடாது. வண்டி ஓட்டுவதை மருத்துவரைக் கேட்டுத் தொடங்குங்கள். தொடை மடிப்பில் வீக்கமோ ரத்தமோ தெரிந்தால் அழுத்திப் பிடித்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு அழையுங்கள்.

ஏட்ரியல் ஃபைப்ரிலேஷன் என்ற ஒழுங்கற்ற துடிப்புக்கு நிலைமை வேறு. சிகிச்சை நீளமானது, செலவு அதிகம், இன்னொரு முறை தேவைப்படலாம். முதல் சில வாரங்களில் படபடப்பு திரும்ப வந்தாலும் அது தோல்வி என்று பொருளில்லை. பக்கவாதத்தைத் தடுக்கும் மாத்திரை பலருக்கு அதன்பிறகும் தொடரும். வார்ஃபரின், அசிட்ரோம் போன்றவை சாப்பிட்டால், ரத்தம் உறையும் வேகத்தைப் பார்க்கும் ஐ.என்.ஆர். சோதனை தவறக் கூடாது. கீரை சாப்பிடுவதை நிறுத்த வேண்டாம், ஆனால் கீரையின் அளவை வாரத்துக்கு வாரம் மாற்றாதீர்கள். பல் பிடுங்கும் முன் பல் மருத்துவரிடம் இந்த மாத்திரையைப் பற்றிச் சொல்லுங்கள்.

8. பேஸ்மேக்கர் என்று சொன்னால்

துடிப்பு மிக மெதுவாகி மயக்கம் வருபவர்களுக்கு இது. ஒற்றைக் கம்பியா இரட்டைக் கம்பியா, ஏன், எம்.ஆர்.ஐ. எடுக்க ஏற்றதா, பேட்டரி எத்தனை வருடம் என்று கேளுங்கள். பெரும்பாலானவை எட்டு முதல் பன்னிரண்டு வருடம் உழைக்கும். பொருத்திய பக்கத்துக் கையை நான்கு முதல் ஆறு வாரம் தோளுக்கு மேல் தூக்கக் கூடாது. சட்டைப் பையில் செல்போன் வேண்டாம். 15 சென்டிமீட்டர் தள்ளியே இருக்கட்டும்.

நம் பக்கத்துக்கு இரண்டு எச்சரிக்கைகள் தனியாகத் தேவை. பட்டறையில் வெல்டிங் செய்பவர்கள் பழைய வேலைக்குத் திரும்பும் முன் இயந்திரத்தின் ஆம்பியர் அளவை எழுதிக்கொண்டுபோய் மருத்துவரிடம் காட்டுங்கள். சத்தியமங்கலம், அந்தியூர், மேட்டுப்பாளையம் போன்ற மலையடிவாரத் தோட்டங்களில் சோலார் வேலி இருந்தால் அதைத் தொடவோ சாய்ந்து நிற்கவோ கூடாது.

9. வீடு திரும்பும்போது கேட்டு வாங்க வேண்டியவை

டிஸ்சார்ஜ் சம்மரியை மட்டும் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். இ.பி. ஸ்டடி அறிக்கை, எந்த இடத்தில் சுட்டார்கள் என்ற குறிப்பு, சிகிச்சைக்குப் பின் எடுத்த ஈ.சி.ஜி. ஆகிய மூன்றையும் கேட்டு வாங்குங்கள். பேஸ்மேக்கர் என்றால் கருவியின் பெயரும் எண்ணும் உள்ள அட்டை. அது எப்போதும் நோயாளியின் பையில் இருக்க வேண்டும். அடுத்து வரும் தேதியையும், இடையில் தொல்லை வந்தால் அழைக்க வேண்டிய எண்ணையும் சம்மரியின் மேலேயே எழுதச் சொல்லுங்கள். அரசுக் காப்பீட்டில் செய்தவர்கள், எந்தத் தொடர் பரிசோதனைகள் திட்டத்திலேயே அடங்கும் என்று வார்டில் உள்ள காப்பீட்டு அலுவலரிடம் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.